தொடையில் ஓர் ஊசித்துளை: இரத்தக்குழாய் உள்வழிச் சிகிச்சை கற்க வருபவருக்கு

இரத்தக்குழாய் அறுவைப் பிரிவில் புதிதாகச் சேரும் மருத்துவர்கள் ஸ்டென்ட் (அடைபட்ட தமனியைத் திறந்து தாங்கும் வலைக்குழாய்) விரிவதைப் பார்க்கும் ஆசையோடுதான் கேத் லேபுக்குள், அதாவது எக்ஸ்ரே பார்த்தபடி இரத்தக்குழாய்ச் சிகிச்சை செய்யும் அறைக்குள், வருகிறார்கள். அந்த ஆசையைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வைக்கச் சொல்வேன். ஸ்டென்ட் விரிவது நடுவில் வரும் சில நிமிடங்கள். நோயாளிக்குக் கெடுதல் அதிகம் நேர்வது தமனிக்குள் நுழையும்போதும், அங்கிருந்து வெளியே வரும்போதும். எனவே இந்தக் கட்டுரையும் அந்த இரு முனைகளிலேயே அதிக நேரம் நிற்கும். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேலை பழகும் பயிற்சி மருத்துவர்களுக்காகவும், கேத் லேபுக்குப் புதிதாக வரும் செவிலியர், டெக்னீஷியன்களுக்காகவும் எழுதுகிறேன். படித்துவிட்டுத் தனியாகச் செய்து பார்க்க அல்ல.

நாம் இன்று செய்யும் எல்லாவற்றுக்கும் அடி 1953-இல் ஸ்வீடனைச் சேர்ந்த செல்டிங்கர் வெளியிட்ட முறை: ஊசி, ஊசி வழியே கம்பி, ஊசியை எடுத்துவிட்டுக் கம்பியின் மேல் குழாய். 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர், காலை வெட்டச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்மணி ஒருவரின் தொடைத் தமனி அடைப்பை இதே வழியில் குழாய் செலுத்தி விரித்தார். அந்தக் கால் பிழைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து ஆந்திரியாஸ் குருன்ட்சிக் பலூனைக் கொண்டுவந்தார். கார்கிவில் வோலொடோஸ் 1987-இலும், புவெனஸ் அயர்ஸில் பரோடி 1990-இலும் மகாதமனிக்குள்ளேயே துணிக்குழாய் பொருத்திக் காட்டினார்கள். கருவிகள் இத்தனை மாறியும் முதல் ஊசிக்குத்து மட்டும் ஏறக்குறைய செல்டிங்கர் சொன்னபடியே இருக்கிறது.

முதலில் நோயாளியின் கால்

கேத் லேபுக்கு முன் வார்டு. முந்தைய நாளே போய் இரண்டு கால்களிலும் தொடை, முழங்கால் பின்புறம், கணுக்கால் உட்புறம், பாதத்தின் மேற்புறம் ஆகிய இடங்களில் நாடித்துடிப்பை உங்கள் விரலால் தொட்டுப் பார்த்து எழுதி வையுங்கள். அடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுதாதீர்கள். சிகிச்சைக்குப் பிறகு பாதம் குளிர்ந்திருந்தால், முன்பு அங்கே துடிப்பு இருந்ததா இல்லையா என்ற ஒரே கேள்விதான் இரவு இரண்டு மணிக்கு முக்கியமாகிறது.

கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் கணக்கை எல்லோரும் படித்திருப்பார்கள். 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்பது பாடம். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளிடம் இந்தக் கணக்கு ஏமாற்றும். தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடுவதால் பட்டியை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் அமுங்காது, 1.4-க்கு மேல் எண் வந்து நிற்கும். கால் விரல் கறுத்துக்கொண்டிருக்கும்போது கருவி 'நலம்' என்று சொல்லும். அப்போது கால் விரலில் அழுத்தம் அளக்க வேண்டும், டாப்ளர் கருவியில் இரத்த ஓட்டத்தின் ஒலியைக் காதால் கேட்க வேண்டும்.

பிறகு கேட்க வேண்டியவை: கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்த அளவு) எவ்வளவு, மெட்பார்மின் சாப்பிடுகிறாரா, இரத்தம் உறையாமைக்கான மருந்து எது, கடைசியாக எப்போது சாப்பிட்டார், எக்ஸ்ரேயில் இரத்தக்குழாய் தெரியச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்துக்கு முன்பு ஒவ்வாமை வந்ததா. சிறுநீரகம் பலவீனமானவருக்கு நீர்ச்சத்தை முன்கூட்டியே சரிசெய்து, கான்ட்ராஸ்ட் அளவைக் குறைக்கத் திட்டமிட வேண்டும். வயிற்றுக்குக் கீழே உள்ள தமனிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் கொண்டே படம் எடுக்கும் வழியும் உண்டு. உதரவிதானத்துக்கு மேலே அது கூடவே கூடாது. வாயு மூளைக்குப் போய்விடும்.

இன்னொரு கேள்வி இவை எல்லாவற்றுக்கும் முந்தையது: இவருக்கு இது தேவைதானா? நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது என்று மட்டும் சொல்பவருக்கு முதல் மருந்து புகையிலையை விடுவதும், முறையான நடைப் பயிற்சியும், மாத்திரைகளும். நம் ஊர் வார்டுகளில் பீடி பிடிக்கும் இளவயது ஆண்களிடம் காணும் பர்கர் நோயில் (புகையிலையால் கை கால்களின் தமனிகள் அழன்று அடைபடும் நோய்) ஸ்டென்ட் சரியான விடை அல்ல. பீடி நிற்காத வரை நாம் செய்யும் எந்த வேலையும் நிலைக்காது. படத்தில் அடைப்பு தெரிகிறது என்பதாலேயே அதைத் திறந்துவிட வேண்டும் என்ற கை அரிப்பு புதியவர்களிடம் அதிகம். சில மூத்தவர்களுக்கும் அது போவதில்லை.

மேசையின் மேல் இருப்பவை

நோயாளியைத் தொடும் முன் கருவிகளை வெறும் மேசையில் எடுத்துப் பழகுங்கள். அளவுகளில் ஒரு குழப்பம் உண்டு. குழாய்கள் ஃபிரெஞ்ச் அளவில் சொல்லப்படும். மூன்று ஃபிரெஞ்ச் என்றால் ஒரு மில்லிமீட்டர். தமனிக்குள் செலுத்தும் நீள்குழாயான கதீட்டருக்கு அந்த எண் வெளி விட்டம். தமனித் துளையில் வாசல்போல் இருக்கும் வெளிக்குழாயான ஷீத்துக்கோ அது உள் விட்டம், அதாவது அதற்குள் எவ்வளவு பெரிய கதீட்டர் போகும் என்பது. ஆகவே 6 ஃபிரெஞ்ச் ஷீத் தமனியில் போடும் துளை இரண்டு மில்லிமீட்டரை விடப் பெரியது. மூடும்போது இந்த வித்தியாசம் தெரிய வரும்.

வழிகாட்டும் கம்பிகளான கைடுவயர்கள் அங்குலக் கணக்கில் வரும்: 0.035, 0.018, 0.014. முதலாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, கடைசியது அதில் பாதியை விடவும் மெலிந்தது. நீளத்துக்கு ஓர் எளிய கூட்டல்: உடலுக்குள் இருக்கும் கம்பியின் நீளத்தோடு கதீட்டரின் நீளத்தைக் கூட்டினால் வருவதை விடக் கம்பி நீளமாக இருக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது, கதீட்டர் 100 என்றால், 150 சென்டிமீட்டர் கம்பியை வைத்துக்கொண்டு கதீட்டரை மாற்ற முடியாது. பாதி வழியில் கம்பியின் வால் கதீட்டருக்குள் மறைந்துவிடும். அதன் பிறகு பிடித்துக்கொள்ள எதுவும் இராது.

வழவழப்புப் பூச்சுள்ள கம்பி ஈரமாக இருக்கும் வரைதான் வழுக்கும். காய்ந்தால் கையுறையில் ஒட்டிக்கொண்டு, கதீட்டரை எடுக்கும்போது தானும் கூடவே வந்துவிடும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கலந்த உப்புநீர்த் துணியால் துடைக்க வேண்டும். இந்தக் கம்பியை உலோக ஊசி வழியே பின்னுக்கு இழுக்கவே கூடாது. ஊசியின் கூர் விளிம்பு பூச்சைச் சீவி இரத்த ஓட்டத்தில் விட்டுவிடும்.

நுழைவு

இலக்கு பொதுத் தொடைத் தமனி. இடுப்பு மடிப்புத் தசைநாருக்குக் கீழே, தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலே, தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கு முன்னால் இருக்கும் சில சென்டிமீட்டர் பகுதி. அங்கே குத்தினால், பிறகு அழுத்தும்போது பின்னால் எலும்பு தாங்கும். அதற்கு மேலே குத்தினால் இரத்தம் வயிற்றின் பின்புறம் கசியும். விரலால் அழுத்தினாலும் நிற்காது, கண்ணுக்கும் தெரியாது. கீழே குத்தினால் போலி அனியூரிசமும் (தமனியிலிருந்து கசிந்த இரத்தம் வெளியே தேங்கித் துடிக்கும் வீக்கம்), தமனிக்கும் சிரைக்கும் இடையே கள்ள வழியும் உருவாகும்.

தோல் மடிப்பை அடையாளமாகக் கொள்ளும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள். உடல் பருத்தவர்களிடம் மடிப்பு தொங்கிக் கீழே இறங்கி நிற்கும்.

நான் கற்பிக்கும் வரிசை இது.

1. ஓர் உலோக இடுக்கியை இடுப்பு மடிப்பின் மேல் வைத்து எக்ஸ்ரேயில் ஒரு நொடி பார்த்து, தொடை எலும்புத் தலையின் நடுவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அல்ட்ராசவுண்ட் கருவியைக் குறுக்கே வைத்துத் தமனி பிரியும் இடத்தை முதலில் தேடுங்கள். அங்கிருந்து மேலே நகர்ந்தால் இரண்டும் ஒன்றாகும். லேசாக அழுத்தினால் அமுங்குவது சிரை, துடித்துக்கொண்டு நிற்பது தமனி. முன்சுவரில் வெள்ளையாக மினுங்கி நிழல் விழுந்தால் சுண்ணாம்பு. அந்த இடத்தைத் தவிருங்கள்.

3. மரப்பு ஊசியைத் தோலோடு நிறுத்தாமல், தமனியைச் சுற்றிலும் நிதானமாகப் போடுங்கள். வலியில் கால் உதறும் நோயாளியிடம் யாரும் நன்றாகக் குத்த முடியாது.

4. 21 கேஜ் நுண்ணூசியை ஏறக்குறைய 45 பாகையில் செலுத்துங்கள். ஊசி முனை திரையில் தெரியாவிட்டால் முன்னேறாதீர்கள். முன்சுவரை மட்டும் துளைத்தால் போதும்.

5. இரத்தம் வந்ததும் 0.018 கம்பி. துளியும் தடை இல்லாமல் போக வேண்டும். உடனே எக்ஸ்ரேயில் பாருங்கள். முதுகெலும்புக்கு இடப்பக்கமாக ஏறினால் மகாதமனி. வலப்பக்கமாக ஏறினால் சிரையில் இருக்கிறீர்களோ என்று சந்தேகப்படுங்கள்.

6. சிறு குழாயைப் போட்டு, குத்திய பக்கமாகவே எக்ஸ்ரே கருவியை 30 பாகை சாய்த்து ஒரு சிறு படம் எடுங்கள். எந்த இடத்தில் நுழைந்திருக்கிறோம் என்பது அப்போது தெரியும். இடம் சரியென்றால் மட்டும் பெரிய ஷீத்.

ஆறாவது படியைத்தான் எல்லோரும் அவசரத்தில் தாண்டுகிறார்கள். ஆனால் திரும்பிப் போக மலிவான வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது. நுண்ணூசித் துளையை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு வேறிடத்தில் மீண்டும் குத்தலாம். 6 ஃபிரெஞ்ச் போட்ட பிறகு, அதுவும் ஹெப்பாரின் கொடுத்த பிறகு, அந்தச் சலுகை கிடையாது.

அல்ட்ராசவுண்ட் தேவைதானா என்று வாதிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2010-இல் வெளியான ஃபவுஸ்ட் (FAUST) ஆய்வில் 1,004 நோயாளிகளிடம் ஒப்பிட்டார்கள். முதல் குத்திலேயே நுழைந்தது அல்ட்ராசவுண்டோடு 83 சதவீதம், இல்லாமல் 46 சதவீதம். இரத்தக்குழாய்ச் சிக்கல்கள் 1.4 சதவீதமாகவும் 3.4 சதவீதமாகவும் இருந்தன. 2022-இல் வந்த யுனிவர்சல் ஆய்வில் பெரிய இரத்தக்கசிவும் சிக்கல்களும் குறைந்ததாக உறுதிப்படவில்லை. தேர்ந்த கைகளுக்குள் அது விவாதமாகவே இருக்கட்டும். கற்க வருபவர் அல்ட்ராசவுண்டில் பார்த்தே குத்த வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

கம்பியின் முனை

உள்ளே போன பிறகு ஒரே விதி: உங்கள் கண் கம்பியின் முனையில் இருக்க வேண்டும். கதீட்டரைத் தள்ளும்போது எல்லோரும் கதீட்டரைப் பார்ப்பார்கள். அதே நேரத்தில் மேலே கம்பி சிறுநீரகத் தமனிக்குள் புகுந்து, அதன் கடைசிக் கிளையைத் துளைத்திருக்கும். கருவி மாற்றும்போதெல்லாம் முனை படத்துக்குள் இருக்கட்டும்.

தடை தென்பட்டால் நிறுத்துங்கள். தள்ளாதீர்கள். சற்றே பின்னிழுத்துச் சுழற்றி மீண்டும் முயலுங்கள். சுவரின் உட்படலத்துக்குக் கீழே கம்பி நழுவிவிட்டால் தமனி இரண்டு அறைகளாகப் பிளக்கும். அடைப்பைத் தாண்ட அந்த வழியையே வேண்டுமென்று பயன்படுத்தும் நுட்பமும் இருக்கிறது. அது பிற்காலப் பாடம்.

அடைப்பைக் கம்பி தாண்டிவிட்டால், வேலை முடிந்து கடைசிப் படம் எடுக்கும் வரை அதை வெளியே எடுக்காதீர்கள். பலூன் விரித்த இடத்தில் தமனி கிழிந்தால், அதே பலூனை மீண்டும் மெல்ல விரித்து ஒழுக்கை அடக்கிவிட்டு, உறையுள்ள ஸ்டென்ட்டைக் கொண்டுவரலாம். கம்பி இல்லையென்றால் அங்கே போய்ச் சேர வழியே இல்லை.

ஹெப்பாரின் எடைக்கேற்ப, வழக்கமாகக் கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட். எப்போது எவ்வளவு கொடுத்தோம் என்பதைச் செவிலியர் உரக்கச் சொல்லி எழுதும் பழக்கம் நல்லது. 'யாரோ கொடுத்திருப்பார்கள்' என்ற நினைப்பில் பலூன் விரிக்கப்பட்டுக் காலின் தமனியில் இரத்தம் உறைந்துபோவது நடக்கக்கூடியதே. ஊசிக்குழலில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். காலில் ஒரு சிறு குமிழி பெரிதாக ஒன்றும் செய்யாது. மகாதமனி வளைவில் அதே குமிழி பக்கவாதம்.

கதிர்வீச்சு

கையில் கத்தி பட்டால் உடனே தெரியும். எக்ஸ்ரே பல ஆண்டுகள் கழித்துக் கண்புரையாக வரும்போதுதான் தெரியும். அதனால்தான் இதில் அலட்சியம் எளிதாக நுழைகிறது.

உங்கள் மேல் விழுவதில் பெரும்பகுதி நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வருவது. எக்ஸ்ரே குழல் மேசைக்குக் கீழே, படம் பிடிக்கும் தகடு மேலே, அதுவும் நோயாளியின் உடலை ஒட்டி இருக்கட்டும். தூரம் இரட்டித்தால் அளவு நான்கில் ஒன்றாகும். தொடர் படம் எடுக்கும் நொடிகளில்தான் மிக அதிகக் கதிர் வெளிப்படுகிறது. அப்போது நீள இணைப்புக் குழாய் போட்டு ஓரிரு எட்டு பின்னால் போய் நின்றுகொள்ளுங்கள். வீரம் காட்ட வேண்டிய இடம் அது இல்லை.

பெடலில் இருந்து காலை எடுக்கப் பழகுவது தனிப் பயிற்சி. திரையைப் பார்க்காமல் பேசிக்கொண்டே மிதித்துக்கொண்டிருப்பவர்களை எல்லா கேத் லேபிலும் காணலாம். கடைசிப் படம் திரையில் நிற்கும். யோசிக்க அதுவே போதும். படப் பரப்பைத் தேவையான அளவுக்குச் சுருக்குங்கள். பெரிதாக்கிப் பார்ப்பது நோயாளியின் கதிர் அளவைக் கூட்டும். கதிர்ப் பாதைக்குள் கையை வைக்காதீர்கள். ஈயக் கையுறை போட்டுக்கொண்டாலும் கூடாது: கருவி அந்தத் தடையை உணர்ந்து தானாகவே கதிரைக் கூட்டிவிடும்.

ஈயக் கவசம், கழுத்துப் பட்டை, ஈயக் கண்ணாடி, மேலிருந்து தொங்கும் தடுப்பு, மேசைக்குக் கீழே தொங்கும் திரை. கடைசி இரண்டும் இருந்தும் ஓரமாகத் தள்ளிவிடப்பட்டிருக்கும், இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவசத்தை மடித்து நாற்காலியில் போட்டால் உள்ளே விரிசல் விடும். மாட்டித் தொங்கவிட வேண்டும். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பணியாளருக்கு விதித்திருக்கும் வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இதை அளப்பது மார்பில் கவசத்துக்கு உள்ளே அணியும் டிஎல்டி பேட்ஜ். 'அளவு கூடினால் கேள்வி வரும்' என்று அதை லாக்கரில் வைத்துவிட்டு வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். லாக்கருக்குக் கதிர்வீச்சு இல்லை என்பதைத் தவிர அதிலிருந்து எதுவும் தெரியாது.

நோயாளியின் தோலையும் நினைவில் வையுங்கள். நீண்ட சிகிச்சையில் கருவி காட்டும் கதிர் அளவு 5 கிரேயை (கதிர் அளவின் அலகு) தாண்டினால், அவரிடம் சொல்லி, சில வாரங்களில் முதுகுத் தோலைப் பார்க்க வரச் சொல்ல வேண்டும்.

வெளியேறுதல்

நேரமாகிவிட்டது, மூத்தவர் கையுறையைக் கழற்றிவிட்டார், அடுத்த நோயாளி காத்திருக்கிறார். ஷீத்தை எடுக்கும் வேலை புதியவர் கையில் வருவது இந்த நேரத்தில்தான்.

ஹெப்பாரினின் வீரியம் குறைந்துவிட்டதா என்று உறைவு நேரத்தை அளந்து பாருங்கள். இரத்த அழுத்தம் உச்சத்தில் இருந்தால் முதலில் அதை இறக்குங்கள். தமனியின் துளை தோலின் துளைக்கு நேர் கீழே இல்லை. ஊசி சாய்வாகப் போனதால் அது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. விரல்கள் அங்கே இருக்க வேண்டும். முதல் சில நிமிடங்கள் அழுத்தமாகவும், பிறகு பாதத்தில் துடிப்போ டாப்ளர் ஒலியோ கேட்கும் அளவுக்குத் தளர்த்தியும், மொத்தம் 15 முதல் 20 நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்தில் இருந்து. பெரிய துணிப் பொதியை வைத்து மேலே சாய்ந்துகொள்வது அழுத்துவது அல்ல. துளை எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

மூடும் கருவிகள் நல்லவை, நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் சுண்ணாம்பு படிந்த தமனியிலும், பிரிவுக்குக் கீழே குத்திய இடத்திலும், மெலிந்த தமனியிலும் அவை காலை வாரும். நுழையும்போது எடுத்த படத்தை இப்போது மீண்டும் பாருங்கள். மகாதமனிச் சிகிச்சைக்குப் பெரிய குழாய் போடும்போது, துளையை அகலமாக்கும் முன்பே தையல் கருவிகளை இட்டு வைத்து, முடிவில் முடிச்சிடுவார்கள். அதிலும் இரத்தம் நின்றது உறுதியாகும் வரை கம்பி உள்ளேயே இருக்கும்.

வார்டில் அந்த இரவு

சில மணி நேரம் கால் மடங்கக் கூடாது. செவிலியர் பார்க்க வேண்டியவை: குத்திய இடம், பாதத்தின் வெப்பமும் துடிப்பும், நாடி, இரத்த அழுத்தம். ஆரம்பத்தில் கால் மணிக்கு ஒரு முறை.

இடுப்பிலோ அடிவயிற்றிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத வியர்வை, நாடி ஏறி இரத்த அழுத்தம் இறங்குதல் ஆகியவை தென்பட்டால், தொடையில் வீக்கமே இல்லாவிட்டாலும் வயிற்றின் பின்புறம் இரத்தம் கசிகிறது என்றே முதலில் எண்ணுங்கள். பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி ஏறாமலே இருக்கும். 'படுத்தே கிடப்பதால் முதுகு வலிக்கிறது' என்று வலி மருந்து எழுதிவிட்டு நகர்வதுதான் இங்கே மிக ஆபத்தான தவறு. அழுத்தம் கொடுத்து, இரத்தம் ஏற்பாடு செய்து, மூத்தவரை அழையுங்கள். நிலை தாங்கினால் சி.டி., தாங்காவிட்டால் நேரே அறுவை அரங்கு அல்லது கேத் லேப்.

மறுநாள் துடிக்கும் வீக்கம் தெரிந்தால் போலி அனியூரிசமாக இருக்கலாம், டாப்ளர் சொல்லிவிடும். சிறியவை தாமாகவே உறைந்துவிடுவதுண்டு. பெரியவற்றுக்கு அல்ட்ராசவுண்ட் பார்வையில், இரத்தத்தை உறைய வைக்கும் திராம்பின் ஊசி.

எங்கே பழகுவது

சிமுலேட்டர் கிடைத்தால் விடாதீர்கள். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் 20 பயிற்சி அறுவை மருத்துவர்களில் பாதிப் பேருக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் சிமுலேட்டர் பயிற்சி கொடுத்துவிட்டு, எல்லோரையும் மேற்பார்வையோடு உண்மையான கால் சிகிச்சைகளில் மதிப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் தெளிவாகவே மேலாகச் செய்தார்கள். சிமுலேட்டர் இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது தெரியும் ரப்பர் குழாயும் காலாவதியான கதீட்டரும் போதும்; கம்பியை இழக்காமல் கருவி மாற்றப் பழக அதற்கு மேல் வேண்டியதில்லை.

எளியதில் தொடங்கி ஏறுங்கள்: நோய் கண்டறியும் ஆஞ்சியோகிராம், பிறகு இடுப்புத் தமனி, பிறகு தொடை, அதன் பின் முழங்காலுக்குக் கீழே. கழுத்துத் தமனி கடைசியில். 2006-இல் முடிவு வெளியான பிரெஞ்சு ஆய்வான ஈவா-3எஸ், 527 பேரோடு பாதியில் நிறுத்தப்பட்டது: 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ திறந்த அறுவையில் 3.9 சதவீதம், ஸ்டென்ட்டில் 9.6 சதவீதம். ஸ்டென்ட் வைத்தவர்களின் அனுபவம் போதாது என்ற விமர்சனம் உடனே எழுந்தது, ஆய்வாளர்கள் மறுத்தார்கள். யார் சொன்னது சரியாக இருந்தாலும், மூளைக்குப் போகும் தமனி பழகும் இடம் அல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைச் சடங்காகப் படிக்காதீர்கள். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், அது வந்த பிறகு இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. எந்தக் கால் என்று உரக்கக் கேட்பதில் வெட்கம் என்ன?

பயிற்சிக் குறிப்பேட்டில் பெரும்பாலானோர் நோயின் பெயரையும் போட்ட ஸ்டென்ட்டையும் எழுதுகிறார்கள். குத்திய இடம், எத்தனை குத்து, கதிர் நேரமும் அளவும், எத்தனை மில்லி கான்ட்ராஸ்ட், எப்படி மூடினீர்கள், மறுநாள் காலை பாதத் துடிப்பு, 30-ஆம் நாள் நிலை ஆகியவற்றுக்கும் கட்டம் போடுங்கள். மகாதமனித் துணிக்குழாய் வைத்தவர்களுக்கு அந்த வரிசை 30 நாளோடு முடியாது. பிரிட்டனின் ஈவர்-1 ஆய்வில் 30 நாள் இறப்பு திறந்த அறுவையில் 4.7 சதவீதம், உள்வழியில் 1.7. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கணக்கு தலைகீழானது. மூடியதாக நினைத்த அனியூரிசம் (மகாதமனிச் சுவர் பலவீனமாகிப் புடைத்த வீக்கம்) பின்னாளில் வெடித்தது அதற்கு ஒரு காரணம். ஆகவே அவர்களின் தொலைபேசி எண்ணோடு, ஊரில் இருக்கும் ஒரு உறவினரின் எண்ணையும் வாங்கி வைத்து, ஆண்டுதோறும் ஸ்கேனுக்கு அழையுங்கள்.